எங்கள் தெருவில் பால் திருடியவர்

"உக்காருங்க மேடம். ஒரு தடவ பாத்துக்கிட்டீங்கன்னா அப்புறம் நீங்களே போட்டுப் பாக்கலாம்" என்றார் பாஷா.

முந்தின நாள் எங்கள் தெருவில் கேமரா பொருத்தியவர் அவர். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எங்கள் வீட்டு முன்னறையில் டி.வி.க்குப் பக்கத்தில் வைத்திருந்த சின்னத் திரையில் எதையோ அழுத்தினார். தெரு நலச் சங்கத்துக்கு நான் செயலாளர் என்பதால் அந்தப் பெட்டி என் வீட்டுக்கு வந்திருந்தது.

திரையில் அன்றைய விடியற்காலை ஓடியது. தெருவிளக்கின் வெளிச்சம், நிறுத்தியிருந்த கார்கள், மதில்மேல் ஒரு பூனை. பால் போடுகிறவர் சைக்கிளில் வந்து, ஒவ்வொரு கேட்டிலும் தொங்கிய பையில் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் எதுவும் அசையவில்லை.

பிறகு ஒரு மனிதர் வந்தார். வேட்டி, மணிக்கட்டில் பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை. ஒரு கேட்டின் பையில் கையை விட்டு பாக்கெட்டை எடுத்தார். எதிர்வீட்டுப் பையிலிருந்து இன்னொன்று. இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார். அங்கே வெகுநாளாய்ப் பூட்டிக் கிடக்கும் தையல் கடை ஒன்று உண்டு. அதன் படியில் பாக்கெட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக வைத்தார். ஷட்டரை இரண்டு முறை தட்டினார். வெறும் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார். காத்து நின்றார்.

முந்தின நாள் சாயங்காலம் அந்தச் சட்டையை இஸ்திரி போட்டவள் நான்.

என் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருந்த என் கணவர் எட்டிப் பார்த்தார். "யாரு கோமதி அது? நம்ம கடையில புதுசா சேந்திருக்காரோ?"

பாஷா படத்தை நிறுத்தினார். அவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையிலிருந்த திருப்புளியைச் சட்டையில் துடைத்துப் பையில் வைத்தார்.

"நான் எதும் பாக்கல மேடம்" என்றார், மிகவும் தணிந்த குரலில். "பதினஞ்சு நாள் போனா பழசு மேல புதுசு ஏறிடும். தானா அழிஞ்சிடும்."

இத்தனை வாரமாக இந்தப் பக்கத்தில் எங்கள் தெருவைப் பற்றி என்னவெல்லாமோ எழுதிவிட்டேன். இதை மட்டும் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். இனித் தள்ள மனசுக்குத் தெம்பில்லை.

செயலாளர் ஆன கதை

நான் விரும்பிச் செயலாளர் ஆகவில்லை. கூட்டத்துக்குத் தாமதமாகப் போனேன். அதற்குள் என் பெயரை எழுதிவிட்டிருந்தார்கள்.

தொலைபேசித் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆபரேட்டராக இருந்தவள் நான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் கோபத்தையெல்லாம் பொறுமையாகக் கேட்டுப் பழகியவள் என்பது என் தகுதியாகச் சொல்லப்பட்டது. மந்தைவெளியில் எங்கள் குறுக்குத் தெரு சின்னது. இரண்டு பக்கமும் சேர்த்து இருபது கேட் இருந்தால் அதிகம். ஆனால் புகார்களுக்கு மட்டும் குறைவே இருந்ததில்லை. என் கேட் முன்னால் அவன் வண்டி. அவள் வீட்டுத் தொட்டி நிரம்பி வழிகிறது. குப்பை வண்டி போன பிறகுதான் அவர்கள் குப்பையை வெளியே வைக்கிறார்கள். நாய்க்குச் சோறு போட்டவர் இலையை எடுப்பதில்லை. எல்லாவற்றையும் கேட்டு, "பேசறேன்" என்று சொல்வது என் வேலை.

ஒரு நாள் காலையில் தெருக்கோடி வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் கழுத்துச் சங்கிலியை பைக்கில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் சிவப்பாகக் கோடு விழுந்து, கையில் கோலப்பொடியோடு அவள் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள். அன்று முதல் தெருவில் பயம் புகுந்தது.

காவல் நிலையத்திலிருந்து இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து கூட்டம் போட்டார். நல்ல மனிதர். வீட்டுச் சாவியை எங்கே வைத்துவிட்டுப் போகிறீர்கள் என்று கேட்டார். செருப்பு ஸ்டாண்டில், மீட்டர் பெட்டியில், பூந்தொட்டிக்கு அடியில் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

"முப்பது வருஷமா எங்காத்து சாவி மீட்டர் பாக்ஸுலதான் இருக்கு, ஒண்ணும் ஆகலையே" என்றாள் எதிர்வீட்டு வசந்தா மாமி.

"இன்னிக்கு எல்லார் எதிர்லயும் சொல்லிட்டீங்கல்ல மாமி, இனிமே மாத்திடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் சொன்னதையெல்லாம் குறித்து, அச்சடித்து, ஒவ்வொரு கேட்டிலும் ஒட்டினேன். கோலம் போடும்போதும் நடைப்பயிற்சி போகும்போதும் சங்கிலியைத் தலைப்பால் மூடுங்கள். எதிரே வண்டி வரும் பக்கமாக நடங்கள். ஊருக்குப் போகும்போது பாலையும் பேப்பரையும் நிறுத்துங்கள். வாசலில் சேருகிற பேப்பரே ஆளில்லை என்று காட்டிக்கொடுக்கும். பயணப் படங்களைத் திரும்பி வந்த பிறகு போடுங்கள். கூரியர் என்று யார் வந்தாலும் உள்சங்கிலியை எடுக்காமல் பேசுங்கள். பக்கத்து வீட்டு எண் உங்கள் போனில் இருக்கட்டும்.

நல்ல யோசனைகள்தான். இன்றைக்கும் நான் அவற்றைப் பின்பற்றுகிறேன். ஒரு வரியை மட்டும் நான் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்: "வெளியாட்கள் மீது எப்போதும் ஒரு கண் இருக்கட்டும்."

ஏழுமலை

அந்தப் பயத்தில்தான் இரவுக் காவலுக்கு ஓர் ஆள் வைத்தோம். ஏழுமலை நொச்சிக்குப்பத்துக்காரர். படகில் விழுந்து முழங்கால் கெட்டுப்போனதால் கடலுக்குப் போவதை நிறுத்தியவர். சற்றே சாய்ந்து சாய்ந்து நடப்பார். கையில் ஒரு மூங்கில் கழி. அதைத் தரையில் தட்டிக்கொண்டே தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போவார். அந்தச் சத்தம் கேட்டால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். ரத்த அழுத்த மாத்திரை ஒரு பக்கம், மூட்டுவலி மாத்திரை ஒரு பக்கம். நான் படுத்தால் மரம்போல விழுந்து தூங்குகிறவள்.

ஏழுமலை வந்து சில மாதங்களில் பால் காணாமல் போக ஆரம்பித்தது.

வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள். ஒரு நாள் இந்த வீடு, ஒரு நாள் அந்த வீடு. பால் பாக்கெட் பெரிய விஷயமா என்று தோன்றலாம். டிக்காக்ஷனை இறக்கி வைத்துக்கொண்டு கேட்டுக்குப் போய், பையைத் தடவிப் பார்த்து, வெறுங்கையோடு திரும்புகிறவர்களிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள். தெரு வாட்ஸ்அப் குழு காலை ஆறு மணிக்கே கொதிக்கும். தெருமுனையில் நாய்கள் கிழித்த பாக்கெட்டுகள் சில நாள் கிடந்தன. திருடுகிறவர் அவற்றை ஏன் அங்கே விட்டுப் போக வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை.

சங்கப் பொருளாளர் தனசேகர், எங்கள் வரிசையில் நான்காவது வீடு. குழாய், பெயின்ட் எல்லாம் விற்கும் கடை வைத்திருக்கிறார். அவர் ஒரு நாள் விடியற்காலையில் ஏழுமலையின் பையில் பால் பாக்கெட் ஒன்றைப் பார்த்துவிட்டார்.

"நான் காசு குட்த்து வாங்கனது சார். வூட்ல டீ போட" என்றார் ஏழுமலை.

"எந்தக் கடையில?" "தோ, மார்க்கெட் பக்கத்துல." "இந்நேரத்துக்கு எந்தக் கடை திறந்திருக்கு?"

அவ்வளவுதான். குழுவில் முடிவாகிவிட்டது. அவரை வேலையிலிருந்து நிறுத்துகிற கடிதத்தை எழுதி, சங்க முத்திரை வைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். எங்கள் கேட் அருகே நின்று அதை வாங்கிக்கொண்டார். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். நின்றபடியே முழுவதையும் படித்தார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் இருந்தோம்.

"நான் எட்த்தேன்னு நீ நம்புறியாம்மா?"

"நான் மட்டும் முடிவு பண்றதில்ல ஏழுமலை" என்றேன்.

எங்கள் வீட்டு வாசற்கதவை ஒரு கணம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர்போல இருந்தது. பிறகு கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகும் பால் போயிற்று. அதனால்தான் கேமரா.

அவர்

என் கணவர் சங்கரலிங்கம் தி.நகரில் ஒரு புடவைக் கடையில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மீசை அரும்பும் வயதில் வந்து சேர்ந்தார். கல்யாணம் ஆகும்வரை கடையின் மேல்மாடியில் மற்ற ஆட்களோடு தங்கல். விடிவதற்கு முன் எழுந்து பால் பூத்துக்குப் போய் எல்லாருக்கும் பால் வாங்கி வந்து, ஷட்டரைத் தட்டித் தூங்குகிறவர்களை எழுப்புவது அவர் பொறுப்பு. எட்டு வருஷம் அதைச் செய்திருக்கிறார். பின்னால் தளம் முழுவதையும் மேற்பார்வை பார்க்கிறவராக உயர்ந்தபோதும், "அத்தன பயலுகளுக்கும் எந் தட்டுலதான் பொழுது விடியும்" என்று அதைத்தான் பெருமையாகச் சொல்லுவார்.

ஓய்வுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மறதி வந்தது. முதலில் கண்ணாடி, பிறகு பெயர்கள். கோவையில் இருக்கும் எங்கள் மகன் போன் செய்தால், "சொல்லுங்க அண்ணாச்சி" என்பார். மருத்துவர் ஒரு பெயர் சொன்னார். ஒரு மாத்திரை எழுதினார். "இனிமே திரும்பாது, கூட இருந்து பாத்துக்கணும்" என்றார். பகல் முழுக்கக் கூடவே இருந்தேன். குளிக்க வைப்பது, சாப்பிட வைப்பது, சாப்பிட்டாயிற்று என்று நம்ப வைப்பது. துண்டுகளைக் கொடுத்தால் புடவை மடிக்கிற மாதிரி விளிம்போடு விளிம்பு சேர்த்து மடிப்பார். மடித்து முடித்ததும் நான் உள்ளே போய்க் கலைத்துக்கொண்டு வந்து மறுபடி கொடுப்பேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

விடியற்காலையில் அவர் எழுந்து போகிறார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. நான் கண் விழிக்கும்போது முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பாதத்தில் மண் இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

பதினைந்து நாள்

பாஷா போன பிறகு குழுவில் எழுதினேன்: "கேமரா கோணம் சரியில்லை. எதுவும் பதிவாகவில்லை. சரிசெய்யச் சொல்லியிருக்கிறேன்."

எழுதிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

அன்று முதல் வாசற்கதவை உள்ளே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படுத்தேன். மாத்திரையைப் பாதியாக்கிக்கொண்டேன். நாலரை மணிக்குத் தாழ்ப்பாளை ஆட்டுகிற சத்தம் கேட்கும். எழுந்து போய்த் தோளைத் தொட்டால், "நேரமாச்சுல்லா கோமதி, பயலுக எந்திரிக்கணும்லா" என்பார். கூட்டிவந்து உட்கார வைப்பேன். பத்து நிமிஷத்தில் மறுபடி போவார். சில நாள் கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, விடிகிறவரை அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

பால் காணாமல் போவது நின்றுவிட்டது.

"பார்த்தீர்களா? கேமரா வந்ததும் நின்றுவிட்டது. வேலையை விட்டு அனுப்பிய பிறகும் ஏழுமலைதான் வந்து எடுத்திருக்கிறான்" என்று தனசேகர் குழுவில் எழுதினார். கட்டைவிரல்கள் வரிசையாக உயர்ந்தன. நான் படித்தேன். எதுவும் எழுதவில்லை.

எவ்வளவு காரணங்கள் சொல்லிக்கொண்டேன்! வெளியே தெரிந்தால் இவரைப் பைத்தியம் என்பார்கள். மகனுக்குத் தலைகுனிவு. ஏழுமலைக்கு இந்நேரம் வேறு வேலை கிடைத்திருக்கும். யாரையும் சிறையில் போட்டுவிடவில்லையே. பதினைந்து நாள் போனால் தானாக அழிந்துவிடும்.

பதினோராவது நாள் பக்கத்துத் தெரு அடுக்ககத்தின் செயலாளர் போன் செய்தார்.

"மேடம், ஏழுமலைன்னு ஒருத்தர் எங்க கேட்டுக்கு வேலை கேட்டு வந்திருக்கார். உங்க தெருவுல இருந்தேன்னு சொல்றார். ஆள் எப்படி?"

"விசாரிச்சுச் சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். என்ன விசாரிக்க வேண்டியிருந்தது? ஆபரேட்டராக இருந்த காலத்தில் எத்தனையோ பேருக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன வாய் இது.

சாலையோர மீன் பலகை

மறுநாள் காலை வசந்தா மாமியிடம், "ஒரு மணி நேரம் அவரைப் பாத்துக்கறீங்களா" என்று கேட்டு விட்டுவிட்டு, ஆட்டோவில் நொச்சிக்குப்பம் போனேன்.

கடற்கரைச் சாலை ஓரம் மீன் பலகைகள் வரிசையாக இருந்தன. ஈரமும் வெயிலும் கலந்த கவிச்சி. ஏழுமலை என்று கேட்டதும் ஒரு பலகையைக் காட்டினார்கள். அவர் மனைவி செல்வி சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குடை நிழலில் ஏழுமலை காலை நீட்டி உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார்.

"உக்காருங்க ஏழுமலை" என்றேன். பிறகு நின்றபடியே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. பாலை எடுத்தது என் கணவர், கேமராவில் பார்த்தேன், பன்னிரண்டு நாளாகிறது.

ஏழுமலை வலையிலிருந்து கையை எடுக்கவில்லை. "தெரியும்மா" என்றார்.

"தெரியுமா?"

"சாரு டெய்லி வெளிய வருவாரு. நான் இந்தாண்ட இர்ந்தேன்னா கைய புட்ச்சி கூட்டிக்கினு வந்து உங்க கேட்ல வுட்ருவேன். பாலை திருப்பி பையில போட்ருவேன். நான் அந்தாண்ட போய்க்கினு இருக்க சொல்ல வந்துட்டாருன்னா தெரியாது. அன்னிக்குத்தான் பால் பூட்ச்சின்னுவாங்க."

பக்கத்திலிருந்த ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே ஏழுமலை. என்கிட்டயாவது."

"சொன்னா இன்னா சொல்லியிருப்ப நீ? வாட்ச்மேன் மாட்டிக்கினு பெரியவரு மேல பயி போடறான்னுதானே சொல்லியிருப்பீங்க? தனசேகர் சாரு போலீஸாண்ட இட்டுக்கினு போயிருப்பாரு."

அப்படித்தான் சொல்லியிருப்போம்.

செல்வி கத்தியைப் பலகையில் வைத்தாள். "நீ இப்போ இன்னாத்துக்கு வந்த மேடம்? இவராண்ட தனியா சொல்லிட்டுப் போவவா?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன்மா."

"மன்னிப்பு இங்க வாணாம். ஏழு பேரு எட்டு பேரு எதிர்ல திருடன்னு லெட்டர் குட்த்து அனுப்பன. அந்த லெட்டர இவரு இன்னும் பையில வச்சிக்கினு கீறாரு. போற எடத்துலல்லாம் ஏன் நின்னுட்டன்னு கேக்கறாங்க. அதே எட்டு பேரு எதிர்ல இல்லன்னு சொல்லு. சொல்ல முடிஞ்சா சொல்லு. இல்லன்னா மீன் வாங்கிக்கினு போ."

சுற்றிலும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழம காலையில பத்து மணிக்கு எங்க தெருக் கூட்டத்துக்கு வாம்மா" என்றேன். "நீயே கேட்டுட்டுப் போ."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

வீட்டுக்கு வந்து முதலில் பக்கத்துத் தெரு செயலாளருக்குப் போன் செய்தேன். ஏழுமலை நாணயமான மனிதர், தவறு எங்களுடையது என்றேன். "அடடா, நேத்தே வேற ஆள் போட்டுட்டோமே மேடம்" என்றார். நான் ஒரு நாள் தாமதித்ததன் பலன்.

ஞாயிற்றுக்கிழமை வசந்தா மாமி இருக்கும் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் கூடினோம். பிளாஸ்டிக் நாற்காலிகள், மேலே ஒரு மின்விசிறி. என் கணவரையும் கூட்டிப்போனேன். விட்டுவிட்டு வர ஆள் இல்லை. அவர் முன்வரிசையில் உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் "வாங்க, உக்காருங்க, என்ன பாக்கறீங்க, பட்டா காட்டனா?" என்று வரவேற்றுக்கொண்டிருந்தார். சிலர் சிரித்தார்கள். தனசேகர், "சார் நல்ல மூடுல இருக்காரு" என்றார்.

செல்வி வந்தாள். தலையில் கூடையோடு வந்தவள் அதை இறக்கி வைத்துவிட்டு, தூணோரம் நின்றாள். ஏழுமலை வரவில்லை.

நான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் படிக்கவில்லை. "பாலை எடுத்தது என் வீட்டுக்காரர். அவருக்கு மறதி நோய். எடுக்கறோம்னு அவருக்குத் தெரியாது. கேமராவுல பதிவாகியிருக்கு. பதிவாகலைன்னு நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். ஏழுமலை ஒரு பாக்கெட்டும் எடுக்கல. அவர் எடுத்தார்னு கையெழுத்துப் போட்டவ நான். இப்ப எடுக்கலைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கறேன். சந்தேகம் இருக்கறவங்க வீட்டுக்கு வந்து படத்தைப் பாக்கலாம்."

மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. யாரும் படத்தைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லவில்லை.

கடைசியில் தனசேகர்தான் பேசினார். "நீங்க வருத்தப்படாதீங்க மேடம். சாரை ராத்திரியில பூட்டி வச்சிட்டா பிரச்சன முடிஞ்சுது."

"பூட்டித்தான் வெச்சிருக்கேன் தனசேகர். தினமும் விடியறவரைக்கும் கதவுல முட்டிக்கிட்டு அழறார்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வசந்தா மாமி எழுந்தாள். "ஏண்டி கோமதி, எதிராத்துலதானே இருக்கேன்? இத்தன நாள் தனியா வெச்சிண்டு அவஸ்தப்பட்டிருக்கியே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதோ? பால் கொறஞ்சா நான் என்ன செத்தா போயிடுவேன்? ஒவ்வொரு நாளும் வாட்ச்மேனை வாய்க்கு வந்தபடி திட்டிண்டிருந்தேனே..." அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது.

கடிதத்தைச் செல்வியிடம் கொடுத்தேன். முத்திரை இருக்கிறதா என்று பார்த்தாள். "படிச்சு காட்டு" என்றாள். எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தேன். தனசேகர் எழுந்து வந்து கடிதத்தின் அடியில் தானும் கையெழுத்துப் போட்டார். "ஏழுமலையைத் திரும்ப வரச் சொல்லும்மா" என்றார்.

"வர மாட்டாரு" என்றாள் செல்வி. கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கூடையைத் தூக்கினாள். போகிற வழியில் என் கணவரின் எதிரே நின்று ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள்.

"வாம்மா, என்ன பாக்கற? கல்யாணத்துக்கா?" என்றார் அவர்.

"இன்னொரு நாளு வரேன் நைனா" என்றாள்.

ஏழுமலை இப்போது திருவான்மியூர் பக்கம் ஓர் அடுக்ககத்தில் இருக்கிறார் என்று கேள்வி. அந்தக் கெட்டுப்போன முழங்காலை வைத்துக்கொண்டு தினமும் பஸ்ஸில் போய் வருகிறாராம். மந்தைவெளியிலேயே கிடைத்திருக்க வேண்டிய வேலை. அதை நினைக்காத நாள் இல்லை. ஒன்றிரண்டு முறை மீன் வாங்கப் போனேன். அவர் பேசுவார். முன்பு போல இல்லை.

இன்னொரு நோட்டீஸ்

செயலாளர் பதவியை ராஜினாமா செய்து கடிதம் கொடுத்தேன். யாரும் வாங்கவில்லை. வாங்கினால் வேறு ஒருவர் அந்த வேலையைப் பார்க்க வேண்டுமே.

அதனால் செயலாளராகவே இன்னொரு நோட்டீஸ் எழுதினேன். பழைய நோட்டீஸின் மேலேயே ஒவ்வொரு கேட்டிலும் ஒட்டினேன். இவ்வளவுதான் அதில் இருந்தது:

"இவர் பெயர் சங்கரலிங்கம். எங்கள் தெருக்காரர். விடியற்காலையில் கடை திறக்கப் போவதாக நினைத்து வெளியே வரக்கூடும். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், அதட்ட வேண்டாம். 'கடை இன்று விடுமுறை' என்று சொல்லுங்கள். திரும்பிவிடுவார். பால் எடுத்திருந்தால் மன்னிக்கவும், என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள்."

கூடவே அவர் படம். கடையில் எடுத்தது, சட்டைப் பையில் பேனாவோடு. கண்ணில் படும்படி அவரை ஊராருக்குக் காட்டிவிட்டோமே என்று முதல் இரண்டு நாள் வெளியே தலை காட்டவில்லை. மகன் போனில் வருத்தப்பட்டான். "அப்பாவை நோட்டீஸ் அடிச்சு ஒட்டுவியாம்மா?" என்றான். "நீ வந்து ஒரு வாரம் விடியக்காலம் எந்திரிச்சுப் பாரு, அப்புறம் பேசலாம்" என்றேன். அவன் வந்தான். ஒரு வாரம் இருந்தான். போகும்போது அதைப் பற்றிப் பேசவில்லை.

போன மாதம் ஒரு நாள், அசதியில் கதவைப் பூட்டாமல் படுத்துவிட்டேன். கண் விழித்தபோது வானம் வெளுத்திருந்தது. படுக்கையில் அவர் இல்லை. வாசற்கதவு திறந்து கிடந்தது. முடியைக்கூடச் சேர்த்துக் கட்டாமல் கேட்டுக்கு ஓடினேன்.

தெருவின் பாதியில் அவர் நின்றுகொண்டிருந்தார். முழுக்கைச் சட்டை, வேட்டி. எதிரே தனசேகர், அரைக்கால் சட்டையும் கையில் கார் துடைக்கும் துணியுமாக.

"சார், இன்னிக்குக் கடை லீவு சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார் தனசேகர்.

"லீவா? யாரு சொன்னா?"

மாடி பால்கனியிலிருந்து வசந்தா மாமியின் குரல் வந்தது. "ஆமாம் சார், இன்னிக்கு லீவுதான். நேத்திக்கே சொல்லிட்டாளே. ஆத்துக்குப் போங்கோ."

அவர் வெறும் மணிக்கட்டைத் திருப்பி ஒரு முறை பார்த்தார். பிறகு திரும்பி, நிதானமாக என்னை நோக்கி நடந்து வந்தார். முகத்தில் ஒரு நிம்மதி. நான் பல மாதங்களாகப் பார்க்காத நிம்மதி. என் அருகே வந்து கலைந்த தலையையும் வெறுங்காலையும் பார்த்தார்.

"இன்னைக்குக் கடை லீவாம்லா கோமதி" என்றார். "நீ ஏன் இந்நேரத்துக்கு எந்திரிச்ச? போ, போயிப் படு."

போய்ப் படுத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.